நூர் பாய் எடுத்துக்கொடுத்த இன்சூரன்ஸ்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் நூர் முகம்மதுவை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நூர் பாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் பாய் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். இத்தனைக்கும் அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கிடையாது. ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவர். நானும் அதே கம்பெனிதான். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு பேச்சுத்துணை என்றாகி, பல வருஷமாக ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒரே காரில் ஆபீஸ் போய்வருகிறோம். ஒரு வாரம் என் கார், மறுவாரம் அவர் கார்.

இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் முதலில் டிக்கெட் போடுவார்கள். அடுத்த போன் நூர் பாய்க்கு. வருகிற பெரியவர்களுக்கு ஆறு மாசத்துக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், எதை எடுப்பது என்று கேட்பார்கள். பாயின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"இருக்கறதுலயே சீப்பா ஒண்ணு எடுங்க. ஆன்லைன்ல ரெண்டு நிமிஷம். கார்டை பிரிண்ட் பண்ணி லேமினேட் பண்ணி அம்மா பர்ஸ்ல வெச்சிடுங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் ஊர்லேர்ந்தே கொண்டுவந்துடுவாங்க. அப்புறம் என்ன ஆகப்போவுது? சும்மா ஒரு பேப்பருக்குத்தானே!"

அவர் சொன்னபடி நூறு பேராவது எடுத்திருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் பாய்க்குப் பெயர் வந்தது. ஒரே ஒரு தடவை ஈஸ்ட் பிரன்ஸ்விக் வெங்கடகிருஷ்ணனின் அம்மா அபயாம்பாளுக்குப் பல்வலி வந்து, அந்த இன்சூரன்ஸில் பல் சேராது என்று தெரிந்து, அந்தம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே முன்கூட்டி விமானம் ஏறினார். அதையும் பாய் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லுவார். "அமெரிக்கா வரும்போது பல்லை ஊர்ல வெச்சிட்டு வரணும் குமார்" என்பார். நானும் சிரித்திருக்கிறேன். சாந்தகுமார் என்ற என் பெயரில் பாதியைத்தான் அவர் கூப்பிடுவார்.

பாய்க்கு ஊர் நாகூர். மனைவி தாஜ் நிஷா. ஒரே மகள் அஃப்சானா. பன்னிரண்டு வயதில் இங்கே வந்த பெண், இங்கேயே பள்ளிக்கூடம், இங்கேயே காலேஜ். ஆனால் இருபத்தொரு வயது முடிந்ததும், பெற்றோரின் விசாவில் ஒட்டிக்கொண்டிருந்த உரிமை அவளுக்குப் போய்விட்டது. பாயின் கிரீன் கார்டு வரிசை அதற்குள் நகரவில்லை. அவளைத் தவிர்த்து, இவர்கள் இருவரின் பெயர் மட்டும் வரிசையில் நிற்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்ட மூன்று பேரில், நீ மட்டும் வெளியே போ என்று ஒருத்தியைச் சொல்ல என்ன மனசு வேண்டும்?

இரண்டாயிரத்து எட்டில் அவளுக்கு நாகூரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஹஸ்னைன் காரைக்கால்காரன். காரைக்காலும் பாண்டிச்சேரியும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில், அவன் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டார். அதனால் பேரன் கையிலும் பிரெஞ்சு பாஸ்போர்ட். டப்ளினில் இரண்டு வருஷ மேல்படிப்புக்குச் சேர்ந்திருந்தான். ஐரோப்பியக் குடிமகன் ஐரோப்பாவில் எங்கே வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம், மனைவியையும் கூட்டிப்போகலாம் என்பது சட்டம்.

"பாத்தியா குமார்? நான் இங்க வருஷக்கணக்கா க்யூல நிக்கறேன். என் பொண்ணு ஒரே நிக்காஹ்ல ஐரோப்பாவுக்குள்ள போயிட்டா" என்று கார் ஓட்டிக்கொண்டே சொன்னார் பாய். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இதுபோல அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கூட்டிப்போகலாம் என்பது உண்மைதான். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. படிக்கிறவன் சம்பாதிக்கிறவன் இல்லையே. அவனும் அவன் மனைவியும் அந்த நாட்டுக்குச் சுமையாகிவிடக் கூடாது. அதனால் இருவருக்கும் முழு மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறது என்று காட்டினால்தான் அவளுக்கு அங்கே குடியிருக்கும் அட்டை கிடைக்கும். ஹஸ்னைனிடம் பிரான்ஸில் கொடுத்த ஐரோப்பிய மருத்துவ அட்டை இருந்தது. அஃப்சானாவுக்குத் தனியாக எடுக்க வேண்டும். மாப்பிள்ளை போனில் தயங்கித் தயங்கி இதைச் சொன்னதும், பாய் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"இன்சூரன்ஸா? மாப்ள, அது என் டிபார்ட்மெண்ட். நீங்க படிப்பைப் பாருங்க."

அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார். நூறு பேருக்கு எடுத்துக்கொடுத்த அதே மாதிரி விசிட்டர் இன்சூரன்ஸ். கார்டை லேமினேட் பண்ணித் தபாலில் அனுப்பினார். அஃப்சானா அதை வைத்து விண்ணப்பம் போட்டாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் முட்டாள் என்று சொல்லியிருப்பேன். பாயை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அனுபவத்தில் இன்சூரன்ஸ் என்பது பர்ஸில் வைக்கிற அட்டை. யாரும் அதைத் திறந்து படித்ததே இல்லை. படிக்கிறவர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

விண்ணப்பம் போட்டுச் சில மாதங்களில் அஃப்சானா உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. என் மனைவி ஞானமணி கேசரி கிளறிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். தாஜ் நிஷா வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டார்.

"ஞானம், எங்க பக்கத்துல பொண்ணு வீட்டை விட்டுப் போவமாட்டா, தெரியுமில்ல? மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. வீடே பொண்ணு பேர்லதான் எழுதுவாங்க. நாகூர் வீடு இவளுக்குத்தான். எங்க உம்மா பக்கத்துலயே இருந்து நான் இவளைப் பெத்தேன். பிள்ளை பெறும்போது உம்மா கூட இல்லாத ஒரு பொண்ணை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

"அப்ப அஃப்சானா இங்க வருவாளா அக்கா?" என்றாள் ஞானமணி.

"அதான் விசிட்டர் விசாவுக்குப் போய் ரிஜெக்ட் பண்ணிட்டானே. அப்பா அம்மா ரெண்டு பேரும் அங்க செட்டில் ஆகக் காத்திருக்காங்க, நீ திரும்பிப் போவேன்னு என்ன நிச்சயம்னு கேட்டானாம். அவ வர முடியாட்டி என்ன? நான் போறேன். அவளுக்கு டப்ளின்ல குடியிருக்கற அந்தக் கார்டு வந்துட்டா, அவளே எனக்கு இன்விடேஷன் அனுப்பிடுவா. நான் இங்கேர்ந்து வெளிய போய்த் திரும்பி வர்ற பேப்பரும் முடிஞ்சுபோச்சு. அதை ரினியூ பண்ணப் போட்டிருக்கு. ரெண்டும் வந்துட்டா கிளம்ப வேண்டியதுதான்."

ஆக, எல்லாம் அந்த அட்டையில் வந்து நின்றது. அட்டை வந்தால் மகள் கணவன் பக்கத்தில் இருந்து பிள்ளை பெறுவாள், தாயும் கூட இருப்பாள். தாஜ் நிஷா அன்றைக்கே சின்னச் சின்னத் துணிகளைத் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில், டப்ளின் குடிவரவு அலுவலகத்திலிருந்து அஃப்சானாவுக்குக் கடிதம் வந்தது. நீங்கள் காட்டியிருப்பது பயணிகளுக்கான குறுகிய கால இன்சூரன்ஸ், இதில் பிரசவம் கிடையாது, ஏற்கெனவே இருக்கும் உடல்நிலை எதற்கும் பணம் கிடையாது, இது முழுக் காப்பீடு ஆகாது, குறிப்பிட்ட தேதிக்குள் சரியானதை அனுப்புங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் என் கார். பாய் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டார். ரூட் ஒன் சிக்னல் வந்ததும்தான் சொன்னார்.

"தப்பான இன்சூரன்ஸ் எடுத்திட்டேன் குமார்."

"அதனால என்ன பாய், சரியானதை எடுத்திடுங்க. டைம் குடுத்திருக்கான்ல?"

"ஆமா, எடுத்திடலாம்" என்றார். குரலில் பாதித் தெம்பு திரும்பி வந்தது.

அந்த வாரம் முழுக்க, லஞ்ச் நேரத்தில் நாங்கள் இருவரும் பார்க்கிங் லாட்டில் கார் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி குவிந்து கிடந்தது. பாய் ஒவ்வொரு கம்பெனியாகப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பார். பெரிய பாலிசி, நல்ல பாலிசி, எந்த விலையானாலும் பரவாயில்லை என்று ஆரம்பிப்பார். எதிர்முனையில் இருப்பவர்கள் உற்சாகமாகப் பேசுவார்கள். பெயர், வயது, நாடு எல்லாம் கேட்பார்கள். கடைசியாக அந்தக் கேள்வி வரும்: அவர் இப்போது கர்ப்பமாக இருக்கிறாரா?

ஆமாம் என்பார் பாய்.

ஒரு பெண்மணி உண்மையாகவே சந்தோஷப்பட்டு, வாழ்த்துகள், முதல் பேரக்குழந்தையா என்று விசாரித்தாள். பாயும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். அடுத்த வாக்கியத்தில் அவள், மன்னிக்க வேண்டும், பாலிசி எடுப்பதற்கு முன்பே உண்டானதால் இது முன்பே இருக்கும் நோய் என்ற கணக்கில் வரும், அதற்கு எங்களிடம் எதுவும் இல்லை என்றாள். டப்ளினில் ஹஸ்னைன் விசாரித்த கம்பெனியும் பிரசவத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றதாம். பிள்ளையை வயிற்றிலேயே ஒரு வருஷம் இருக்கச் சொல்ல முடியுமா?

பாய் போனை மூடி டேஷ்போர்டில் வைத்தார். அப்புறம் திடீரென்று கத்தினார். அவர் கத்தி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நோயா? அவ வயித்துல இருக்கறது என் பேரப்பிள்ளைய்யா! நோயாம்ல நோய்!"

எனக்கும் தலைக்கேறியது. "அடுத்த போன்ல சொல்லாதீங்க பாய். கர்ப்பம் இல்லன்னு சொல்லிட்டு பாலிசியை வாங்குங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லாட்டி வயிறு சொல்லிடுமே குமார்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

எங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் மகளைச் சேர்க்க முடியுமா என்று ஹெச்ஆரில் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார்கள். ஆமாம். வேறு நாட்டில் இருக்கிறாளா? ஆமாம். மன்னிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸ் லேசுப்பட்டதில்லை. தாஜ் நிஷாவுக்கே இந்த வயதில் ஒரு பிள்ளை பிறந்தால், ராணி மாதிரி தனி அறை கொடுத்துப் பார்ப்பார்கள். அதே குடும்பத்தில் பிள்ளை பெறப்போகிறவளுக்கு மட்டும் எதுவும் கிடையாது. யாரைக் கேட்டாலும் விதி என்றார்கள். எல்லோரும் தங்கமான மனிதர்கள். திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

கொடுத்த கெடு முடிந்தது. ஏப்ரலில் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. மேல்முறையீடு செய்யலாம்தான். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வயிறு பெரிதாகிவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அங்கே அட்டையும் இல்லாமல் இன்சூரன்ஸும் இல்லாமல் பிரசவம் என்றால் என்ன ஆகுமென்று சொல்ல ஆளில்லை. அஃப்சானா நாகூருக்குப் போவதென்று முடிவாயிற்று. ஹஸ்னைனால் அவளோடு போக முடியவில்லை. பரீட்சை நேரம். மாணவன் என்ற அந்தஸ்து போய்விட்டால், பிறகு அவளை அழைக்க அவனுக்கே வழி இருக்காது. அந்தப் பையன் டப்ளின் விமான நிலையத்தில் நின்று அழுதானாம். மாப்பிள்ளை அழுததைத் தாஜ் நிஷா சொன்னபோது, பாய் எழுந்து கராஜுக்குப் போய்விட்டார்.

தாஜ் நிஷா பெட்டி கட்ட ஆரம்பித்தார். திரும்பி வருவதற்கான பேப்பர் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் இந்த நாட்டைத் தாண்டினால், கிரீன் கார்டு வேண்டாமென்று அவரே எழுதிக்கொடுத்த மாதிரி. அப்புறம் பாய் இங்கே, அவர் அங்கே. எத்தனை வருஷத்துக்கென்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் போனபோது நடுஹாலில் பெட்டி திறந்து கிடந்தது. மேலே அந்தச் சின்னத் துணிகள். பாய் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"போவட்டும் குமார். நான் எப்படித் தடுக்கறது? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுத் தடுப்பேன்?"

அந்த நேரம் அஃப்சானா நாகூரிலிருந்து போன் பண்ணினாள். தாஜ் நிஷா ஸ்பீக்கரில் போட்டார்.

"உம்மா, டிக்கெட் புக் பண்ணிட்டீங்களா?"

"இன்னைக்குப் போடுறோம்மா."

"வேணாம் உம்மா. ப்ளீஸ், லிசன். நான் ஆல்ரெடி வெளிய மாட்டிக்கிட்டேன். நீங்களும் மாட்டிக்காதீங்க. வாப்பா தனியா என்ன பண்ணுவாங்க? ஐ வில் மேனேஜ். மாமி இருக்காங்க, வீடு இருக்கு."

"வீடு இருக்கு. நான் இல்லையேம்மா" என்றார் தாஜ் நிஷா.

அப்புறம் அந்தப் பெண், "வாப்பா இருக்காங்களா?" என்று கேட்டாள். பாய் போனைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்கதாம்மா இருக்காங்க" என்று நான்தான் சொன்னேன். "அங்கிள், வாப்பாகிட்ட சொல்லுங்க, இட்ஸ் நாட் ஹிஸ் ஃபால்ட்" என்றாள். சொல்ல வேண்டிய தேவையே இல்லை, பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மகள் மன்னித்துவிட்டாளே என்று அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஞானமணி அந்தத் துணிகளை மடித்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று எடுத்து வைத்தாள்.

தாஜ் நிஷா போகவில்லை.

ஜூலையில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரி. கடைசி நேரத்தில் ஏதோ சிக்கலாகி ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். அங்கே யாரும் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே தாஜ் நிஷா தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தாயும் பிள்ளையும் நலம் என்று செய்தி வந்த பிறகும், அவர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்ததாக ஞானமணி வந்து சொன்னாள். அவருடைய பேப்பர் அதற்கு அப்புறமும் வரவில்லை.

இதற்கு நடுவில் வெங்கடகிருஷ்ணன் பாய்க்குப் போன் பண்ணினார். அவர் அம்மா மறுபடி வருகிறாராம், இந்தத் தடவை எந்த இன்சூரன்ஸ் எடுப்பது என்று கேட்டார். கார் ஓட்டிக்கொண்டிருந்த நான் பாயைப் பார்த்தேன். பழைய பதில் வரும் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். "அம்மாவை வரவழைக்காதீங்க சார். நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வெங்கடகிருஷ்ணன் அன்று ராத்திரியே எனக்குப் போன் பண்ணி, பாய்க்கு என்ன ஆச்சு, கோபமா என்று கேட்டார். நான் அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள். அது பாயின் கார் வாரம். அவர் ஏறச்சொல்லிவிட்டு, வண்டியை எடுக்காமல் என்னிடம் ஒரு போட்டோவை நீட்டினார். பிள்ளைக்கு பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம். கண்ணை உருட்டிக்கொண்டு, யாரையோ அதட்டுகிற மாதிரி இருந்தான். அப்பன் பிரெஞ்சுக்காரன், அதனால் பிள்ளையும் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரன்.

"இவனுக்கு ஒண்ணும் வேணாம் குமார். பாஸ்போர்ட் வந்ததும் நேரா வாப்பாகிட்டப் போயிடலாம். இவன் உம்மாவுக்குத்தான் மறுபடி முதல்லேர்ந்து அப்ளை பண்ணணும்."

"இப்ப என்ன பாய் பிரச்சினை? பிள்ளைதான் பிறந்தாச்சே. இனிமே கர்ப்பம்னு யாரும் சொல்ல முடியாதே!" என்றேன். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பாய் பின்சீட்டிலிருந்து புதுப் பாலிசிக்கான தாள்களை எடுத்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்திருந்தார், வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டிருந்தார். ஒரு கேள்வியின்மேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். கடந்த ஒரு வருடத்துக்குள் உங்களுக்கு ஏதாவது அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று கேட்டிருந்தது.

"இதுக்கு என்ன எழுதறது குமார்?" என்றார்.